லட்டு சொறிகிறது, மீனு கனக்கிறது

கேள்வி

சிங்கப்பூரின் பூன் கெங்கில் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) நான்கறை வீட்டில் குடியிருக்கிறோம். கணவர், நான், பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள், மாமியார், இல்லப் பணிப்பெண் என்று ஆறு பேர். ஐந்து வயது ஷிட்ஸு நாய் ஒன்று இருக்கிறது, பெயர் லட்டு. வீவக வீடுகளில் பூனை வளர்க்க அனுமதி வந்த பிறகு மீனு என்ற பூனையையும் தத்தெடுத்தோம். அவளுக்கு இப்போது நான்கு வயது. இரண்டுக்கும் கருத்தடை செய்தாகிவிட்டது.

லட்டு ஒன்றரை ஆண்டாகப் பாதங்களை நக்கிக்கொண்டே இருக்கிறான். வெள்ளை முடி செம்பழுப்பாக மாறிவிட்டது. காதில் நாற்றம். இரவில் அவன் சொறியும் சத்தத்தில் எங்களுக்கே தூக்கம் போகிறது. கிளினிக்கில் கொடுக்கும் பிரெட்னிசலோன் மாத்திரை போட்டால் இரண்டே நாளில் நிற்கிறது. நிறுத்தினால் மூன்று வாரத்தில் பழையபடி. கோழி, சால்மன், ஆடு, தானியம் சேராதது என்று ஐந்து வகை உணவு மாற்றிப் பார்த்தோம், பயனில்லை. முடியை அனுப்பினால் எதற்கு அலர்ஜி என்று சொல்லும் பரிசோதனை ஒன்றைத் தோழி சொல்கிறார். மாமியார் மஞ்சளும் வேப்பெண்ணெயும் தடவுகிறார். ஒரு முறை கோடாலித் தைலமும் தடவினார். இதற்கிடையில் லட்டுவின் எடை 9.6 கிலோ ஆகிவிட்டது.

மீனு 6.4 கிலோ. நாள் முழுக்கத் தூக்கம். தட்டு எப்போதும் நிறைந்திருக்க வேண்டும், இல்லையென்றால் அதிகாலை நான்கு மணிக்குக் கத்துவாள். முடி உருண்டை தொண்டையில் சிக்கியதுபோல் அவ்வப்போது குனிந்து இருமுகிறாள், ஆனால் எதுவும் வெளியே வருவதில்லை.

கும்பகோணத்துப் பக்கம் எங்கள் வீட்டு நாய்கள் மிச்சச் சோற்றைத் தின்றே வளர்ந்தன, அவற்றுக்கு அலர்ஜி என்று ஒன்று வந்ததே இல்லை என்கிறார் மாமியார். வாயில்லா ஜீவனைப் பட்டினி போடுவது பாவம் என்றும் சொல்கிறார். அலர்ஜி குணமாகுமா? எடையை எப்படிக் குறைப்பது?

வாசகி, பூன் கெங்

பதில்

சகோதரி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். லட்டுவின் அரிப்பையும் மீனுவின் எடையையும் தனித்தனியாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அவை ஒரே வீட்டின் ஒரே கதையாகத் தெரிகின்றன. மருந்துக்குப் போகுமுன் ஒரு கேள்வி. நேற்றுக் காலை முதல் இரவு வரை லட்டுவின் வாய்க்குள் என்னென்ன போயிற்று?

ஆறு பேர் இருக்கும் வீட்டில் இதற்கு யாராலும் முழுப் பதில் சொல்ல முடியாது. நீங்கள் வைத்த உலர் உணவு உங்களுக்குத் தெரியும். மாமியார் ஊட்டிய இட்லித் துண்டு அவருக்குத் தெரியும். பிள்ளைகள் மேசைக்கடியில் நீட்டிய பிஸ்கட் அவர்களுக்கு மட்டும் தெரியும். மாத்திரையைப் பொதிந்து கொடுத்த சீஸ், மீனுவின் தட்டில் நக்கியது, மின்தூக்கியில் பக்கத்து வீட்டார் கொடுத்தது எதுவும் யார் கணக்கிலும் வரவில்லை. ஆகவே நான் முதலில் எழுதித் தரும் மருந்து ஒரு நோட்டுப் புத்தகம். அதைக் குளிர்பதனப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு பேனாவோடு கட்டித் தொங்கவிடுங்கள். 14 நாள் உணவில் எதையும் மாற்றாதீர்கள், பின்னால் நான் சொல்லும் நச்சுப் பொருள்களைத் தவிர வேறு எதற்கும் யாரையும் தடுக்காதீர்கள். கொடுத்தவர் கொடுத்ததை எழுதினால் போதும். அதன் எதிர்ப்பக்கத்தில் அன்றைய அரிப்புக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்றும் குறியுங்கள். அலர்ஜிக்கும் எடைக்கும் சேர்த்து அந்த ஒரே நோட்டு பயன்படும்.

இனி அரிப்பு. தோல் நோயில் எங்கே அரிக்கிறது என்பது பாதிச் செய்தி. வால் அடியிலும் இடுப்பிலும் தொடையின் பின்புறத்திலும் கடித்துக் கடித்து முடி உதிர்ந்தால் தெள்ளுப்பூச்சியைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். பாதம், காது, முகம், அக்குள், அடிவயிறு என்றால் வீட்டுத் தூசி, பூந்தூள் போன்ற சுற்றுப்புற ஒவ்வாமையாக இருக்கலாம், உணவு ஒவ்வாமையாகவும் இருக்கலாம். லட்டு இரண்டாவது வகை. இந்த இரண்டையும் கண்ணால் பார்த்துப் பிரிக்க என்னாலும் முடியாது, எந்தத் தோல் நிபுணராலும் முடியாது. அதனால்தான் வரிசை முக்கியம்: முதலில் பூச்சி, அடுத்து கிருமித்தொற்று, அதற்குப் பின் உணவு, கடைசியில் சுற்றுப்புறம். நீங்கள் நேராக மூன்றாவது படியில் ஏறிவிட்டீர்கள். ஐந்து உணவும் தோற்றதற்கு இதுவும் ஒரு காரணம்.

பத்தாவது மாடியில் தெள்ளுப்பூச்சி எப்படி வரும் என்று பலர் கேட்கிறார்கள். நாய் நடக்கப் போகும் புல்தரையிலிருந்தும், முடிவெட்டும் கடையிலிருந்தும், வீட்டுப் பூனையின் உடம்பிலிருந்தும் வரும். குளிர்நாடுகளில் பனிக்காலம் அதைக் கொஞ்சம் அடக்கி வைக்கிறது. நிலநடுக்கோட்டுக்கு ஒரு பாகை வடக்கே இருக்கும் நமக்கு அந்த ஓய்வு கிடையாது. நாயின் மேல் பார்க்கும் பூச்சி மொத்தத்தில் ஏறத்தாழ 5 விழுக்காடுதான், மீதி முட்டையாகவும் புழுவாகவும் கூட்டுப்புழுவாகவும் மெத்தையிலும் சோபா இடுக்கிலும் கிடக்கிறது. நெருக்கமான பல்லுள்ள சீப்பால் வாலடியைச் சீவி, வரும் கருந்துகள்களை ஈரமான வெள்ளைத் தாளில் தட்டுங்கள். சுற்றிலும் செந்நிறம் கசிந்தால் அது ஜீரணமான ரத்தம், அதாவது தெள்ளுப்பூச்சியின் கழிவு. ஒன்றும் கிடைக்காவிட்டாலும் பூச்சி இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். ஒவ்வாமை உள்ள நாய் நக்கி நக்கியே தடயத்தை விழுங்கிவிடும். குறைந்தது மூன்று மாதம் லட்டுவுக்கும் மீனுவுக்கும் சேர்த்தே தடுப்பு மருந்து போட வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கையை அழுத்திச் சொல்கிறேன். நாய்க்கென்று விற்கும் சில சொட்டு மருந்துகளில் பெர்மெத்ரின் இருக்கிறது. நாய் அதைத் தாங்கும். பூனையின் ஈரலுக்கு அதை உடைத்து வெளியேற்றும் திறன் மிகக் குறைவு. மருந்து போட்ட நாயோடு ஒட்டிப் படுத்துத் தூங்கிய பூனைக்குக்கூட நடுக்கமும் வலிப்பும் வந்து உயிர் போகலாம். மீனுவுக்குப் பூனை என்று அட்டையில் எழுதிய மருந்தை, அவளுடைய எடைக்கு ஏற்ற அளவில் மட்டும் வாங்குங்கள். லட்டுவுக்கு வாங்கும்போதும் வீட்டில் பூனை இருக்கிறது என்று சொல்லியே வாங்குங்கள்.

இரண்டாவது படி தொற்று. பாதத்தின் செம்பழுப்பு நிறம் எச்சிலால் வருவது, அதனால் தீங்கில்லை. காது நாற்றம் அப்படியல்ல. நக்கி ஈரமான தோலில், நம்மூர் வெக்கையில், ஈஸ்ட் பூசணமும் பாக்டீரியாவும் மளமளவெனப் பெருகும், அவையே தனியாக ஓர் அரிப்பைக் கிளப்பும். கண்ணாடித் தகட்டில் ஒட்டுநாடாவால் எடுத்து நுண்நோக்கியில் பார்த்தால் சில நிமிடத்தில் தெரிந்துவிடும். அடுத்த முறை போகும்போது இந்தச் சோதனையைக் கேட்டு வாங்குங்கள். தொற்றை அடக்காமல் உணவை மாற்றினால், சரியான உணவே கிடைத்திருந்தாலும் அரிப்பு நிற்காது, நீங்களும் அதைத் தோற்றது என்று எழுதி ஒதுக்கிவிடுவீர்கள்.

வாரம் ஒரு முறை, டாக்டர் தரும் குளோர்ஹெக்ஸிடின் ஷாம்பூவில் குளிப்பாட்டுங்கள். வெந்நீர் வேண்டாம், அது அரிப்பைத் தூண்டும். நுரையைப் பத்து நிமிடம் உடம்பில் ஊறவிட்டு அலசி, விரலிடுக்கு உட்பட நன்றாக உலர்த்துங்கள். அந்தப் பத்து நிமிடத்தைப் பெரும்பாலானோர் ஒரு நிமிடமாக்கிவிடுகிறார்கள்.

உணவுக்கு வருவோம். கோழியிலிருந்து சால்மனுக்கு மாற்றியது பரிசோதனை ஆகாது. சால்மன் என்று முகப்பில் பெரிதாக எழுதிய பையின் பின்புறத்தைப் படித்தால் கோழிக் கொழுப்போ முட்டையோ இருப்பது சாதாரணம். நாய்களில் அடிக்கடி ஒவ்வாமை தருவன மாட்டிறைச்சி, பால் பொருள்கள், கோழி, கோதுமை. பூனைகளில் மாட்டிறைச்சி, மீன், கோழி. தானியத்தின் மேல் மட்டும் பழி போடுவது விளம்பரம் பழக்கிய பழக்கம். இந்தப் புரதங்கள் அனைத்தையும் லட்டு ஏற்கெனவே தின்றிருப்பான். தேக்கா சந்தையில் வாங்கிய ஆட்டு ஈரலும் நோட்டில் வரப்போகிறது என்று நினைக்கிறேன். ஆகவே அவன் நாக்குக்குப் புதிய இறைச்சி ஒன்றைத் தேடி அலைவதைவிட, மருத்துவர் எழுதித் தரும் ஹைட்ரலைஸ்டு உணவே அவனுக்குப் பொருந்தும். அதில் புரதத்தை மிகச் சிறு துணுக்குகளாக வெட்டியிருப்பார்கள். அந்தத் துணுக்கை உடம்பின் காவல் அணுக்கள் எதிரியாக அடையாளம் காண்பதில்லை.

எட்டு வாரம் அந்த உணவும் தண்ணீரும் மட்டும். இட்லி கிடையாது, சீஸ் கிடையாது, மாட்டிறைச்சி மணம் சேர்த்த மென்று தின்னும் மாத்திரைகூடக் கிடையாது. அதற்கு மாற்று என்ன என்று டாக்டரிடம் முன்கூட்டியே கேளுங்கள். மீனு தின்றதும் தட்டை எடுத்து மேலே வைக்க வேண்டும். உணவு ஒவ்வாமை உள்ள நாய்களில் பத்தில் ஒன்பது எட்டு வாரத்துக்குள் தெளிவான மாற்றம் காட்டிவிடும். மூன்றாவது வாரத்தில் பலனில்லை என்று கைவிடுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. அரிப்பு குறைந்தால் வேலை முடிந்ததாகாது. பழைய உணவைத் திரும்பக் கொடுத்துப் பார்க்க வேண்டும். இரண்டு வாரத்துக்குள் அரிப்பு திரும்பினால்தான் குற்றவாளி உணவு என்பது உறுதி. உங்கள் தோழி சொன்ன முடிப் பரிசோதனையை விட்டுவிடுங்கள். முடியோ எச்சிலோ உணவு ஒவ்வாமையைச் சொல்லாது. ரத்தப் பரிசோதனையையும் உணவு விஷயத்தில் நம்புவதற்கில்லை.

உணவும் காரணமில்லை என்றால் மிஞ்சுவது சுற்றுப்புறம். சிங்கப்பூரின் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கும் மேல். வீட்டுத் தூசிப்பூச்சிக்கு இதைவிட வசதியான நாடு கிடைக்காது. ஷிட்ஸு, பிரெஞ்சு புல்டாக், லாப்ரடார் போன்ற இனங்களில் இந்த ஒவ்வாமை பிறவியிலேயே அதிகம், பெரும்பாலும் ஆறு மாதத்திலிருந்து மூன்று வயதுக்குள் தலைகாட்டும். லட்டுவுக்கு மூன்றரை வயதில் தொடங்கியிருக்கிறது, சற்றுப் பிந்தியது. அதனால் உணவைச் சந்தேகப் பட்டியலிலிருந்து அவசரப்பட்டு எடுக்க மாட்டேன். அவன் படுக்கை விரிப்பை வாரம் ஒரு முறை 60 டிகிரி வெந்நீரில் துவையுங்கள். வெளியே போய்வந்ததும் பாதத்தை ஈரத்துணியால் துடைத்து உலர்த்துங்கள். சுற்றுப்புற ஒவ்வாமை குணமாகாது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். நீரிழிவை நம் வீட்டுப் பெரியவர்கள் வைத்துக்கொண்டு வாழ்வதுபோல வைத்துக்கொண்டு நன்றாக வாழலாம்.

மாத்திரைக்கும் எடைக்கும் உள்ள தொடர்பை யாராவது உங்களுக்குச் சொன்னார்களா என்று தெரியவில்லை. பிரெட்னிசலோன் ஸ்டீராய்டு வகை. நல்ல மருந்து, விலை குறைவு, வேகம் அதிகம். ஆனால் அது பசியைத் தூண்டும், தாகத்தைக் கூட்டும், நாள்பட்டால் தசையைக் கரைத்து வயிற்றைத் தொங்கவைக்கும். ஒன்றரை ஆண்டாக விட்டு விட்டுப் போட்டிருக்கிறீர்கள். ஒவ்வொரு முறை மாத்திரை உள்ளே போகும்போதும் லட்டு உங்கள் தட்டைப் பார்த்து ஏங்கியிருப்பான், ஆறு கைகளும் நீண்டிருக்கும். அவன் எடையில் ஒரு பங்கு மருந்து கொண்டுவந்தது. கொழுத்த நாய்க்குத் தோல் மடிப்புகள் கூடும், மடிப்புக்குள் ஈரம் தங்கும், ஈரத்தில் பூசணம் வளரும், மறுபடி அரிக்கும், மறுபடி மாத்திரை. உங்கள் கடிதத்தில் எனக்குத் தெரிந்த ஒரே கதை இதுதான்.

இதைப் படித்துவிட்டு மாத்திரையைச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள். நாள்பட்ட ஸ்டீராய்டைத் திடீரென விட்டால் உடம்பு தானாகச் சுரக்க வேண்டியதைச் சுரக்காமல் நாய் சுருண்டு விழலாம். படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். அதன் இடத்தில் ஒக்லாசிட்டினிப் மாத்திரை உண்டு, லோகிவெட்மேப் என்ற ஊசி உண்டு. அந்த ஊசி அரிப்புச் செய்தியைச் சுமந்து செல்லும் ஒரு புரதத்தை மட்டும் பிடித்துக் கட்டிவைக்கிறது. ஒரு முறை போட்டால் நான்கு முதல் எட்டு வாரம் தாங்கும், பசியைக் கூட்டாது, ஆனால் நாய்க்கு மட்டுமே. செலவு கூடுதல்தான். திரும்பத் திரும்பக் கிளினிக்குக்கு ஓடும் செலவோடு வைத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள். எதற்கு ஒவ்வாமை என்று கண்டறிந்து, அதையே சிறுகச் சிறுகக் கொடுத்து உடம்பைப் பழக்கும் சிகிச்சையும் இருக்கிறது. பல மாதம் பிடிக்கும், எல்லா நாய்க்கும் பலிக்காது. ஐந்து வயது நாய் இன்னும் பத்தாண்டு வாழக்கூடும் என்பதால் கேட்டுப் பார்க்கத் தகுந்தது.

மாமியாரின் கைமருந்துகள். மஞ்சளில் பெரிய கெடுதல் இல்லை, பலனும் இல்லை, நக்கிய பிறகு எதுவும் மிஞ்சாது. வேப்பெண்ணெயைப் பூனை இருக்கும் வீட்டில் தவிர்த்துவிடுங்கள். கோடாலித் தைலம் வேண்டவே வேண்டாம். அதில் கற்பூரமும் மெந்தாலும் மெத்தில் சாலிசிலேட்டும் இருக்கின்றன. நம் மண்டையிடிக்கு இதமாக இருப்பது நக்கும் பிராணியின் வயிற்றுக்குள் போனால் நஞ்சு, பூனைக்கு இரட்டிப்பு நஞ்சு. முகம் வீங்குவது, உடம்பெங்கும் தடிப்பு எழுவது, மூச்சுத் திணறல், திடீர்ச் சோர்வு இவற்றில் எது வந்தாலும் எந்தத் தைலத்தையும் தேடாமல் 24 மணி நேர மருத்துவமனைக்கு உடனே கிளம்புங்கள்.

இப்போது எடை. தேக்கா சந்தையை ஒட்டிய பஃபலோ சாலையின் பெயரும், அதன் அருகிலுள்ள கெர்பாவ் சாலையின் பெயரும் எருமையைத்தான் சொல்கின்றன. ஒரு காலத்தில் அந்த வட்டாரம் மாட்டுத் தொழுவங்களும் மாட்டு வியாபாரமும் நிறைந்தது. மாடு வாங்க வந்தவர் தராசைத் தேடவில்லை. கண்ணால் இடுப்பைப் பார்த்தார், கையால் விலாவைத் தடவினார், தேறும் தேறாது என்று சொன்னார். இன்று கால்நடை மருத்துவத்தில் உடல்நிலை மதிப்பெண் என்று ஒன்று முதல் ஒன்பது வரை நாங்கள் போடுவதும் அதே கைவித்தைதான்.

உங்கள் கை முஷ்டியை மடக்கி, முட்டிகளின் மேல் விரலை ஓட்டுங்கள். விலா அப்படித் தட்டுப்பட்டால் நாய் மெலிவு. கையை நீட்டி, புறங்கை எலும்புகளைத் தடவுங்கள். மெல்லிய போர்வைக்கு அடியில் எலும்பு இருப்பதுபோல் தெரியும், அதுவே சரியான எடை. உள்ளங்கையைத் திருப்பி விரலடியின் சதைப்பற்றைத் தொடுங்கள். லட்டுவின் விலா இப்படி இருக்கும் என்று நினைக்கிறேன். ஷிட்ஸுவின் நீண்ட முடிக்குள் கொழுப்பு ஒளிந்துகொள்ளும் என்பதால் கண்ணை நம்பாமல் கையை நம்புங்கள். மேலிருந்து பார்த்தால் இடுப்பு ஒடுங்க வேண்டும், பக்கவாட்டில் பார்த்தால் வயிறு மேலேற வேண்டும்.

நேரில் தொட்டுப் பார்க்காமல் துல்லியமாகச் சொல்ல முடியாது. ஆனாலும் அவனுக்கு 7 கிலோவும் மீனுவுக்கு 4.5 கிலோவும் பொருந்தும் என்று வைத்துக் கணக்குப் போடுகிறேன். ஏழு கிலோ நாய் ஓய்வில் செலவழிப்பது ஒரு நாளுக்கு ஏறத்தாழ 300 கலோரி. எடை குறைக்க அங்கிருந்துதான் தொடங்குவோம். ஒரு நடுத்தர இட்லியில் சுமார் 50 கலோரி, அதாவது அவனுடைய நாளின் ஆறில் ஒரு பங்கு. 1,800 கலோரி சாப்பிடும் ஒரு பெரியவருக்கு அது ஆறு இட்லிக்குச் சமம். ஒரே ஒரு இட்லிதானே என்று மாமியார் சொல்லும்போது இந்தக் கணக்கை மெதுவாகச் சொல்லுங்கள், அவருக்குச் சட்டென்று விளங்கும். சாம்பாரில் வெங்காயமும் பூண்டும் இருக்கின்றன. அவை நாய், பூனையின் சிவப்பணுக்களை உடைக்கும். பாயசத்து உலர்திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். இவை கலோரிக்காக அல்லாமல் உயிருக்காகவே விலக்க வேண்டியவை.

உலர் உணவைக் குவளையால் அளக்காதீர்கள். குவளை ஆளுக்கு ஆள் மாறும். சமையலறைத் தராசில் கிராம் கணக்கில் நிறுத்து, காலையிலேயே ஒரு நாளுக்கானதை டப்பாவில் போட்டு மூடுங்கள். யார் கொடுப்பதானாலும் அந்த டப்பாவிலிருந்துதான் கொடுக்க வேண்டும். தீர்ந்தால் தீர்ந்தது. மாமியார் ஊட்ட ஆசைப்பட்டால் அதே உணவின் உருண்டைகளை ஒவ்வொன்றாக ஊட்டட்டும். லட்டுவுக்கு வேண்டியது அந்தக் கைதான், இட்லி அவ்வளவு முக்கியமில்லை. வாரத்துக்கு உடல் எடையில் ஒன்று முதல் இரண்டு விழுக்காடு, அதாவது 100 முதல் 190 கிராம் குறைந்தால் போதும். 7 கிலோவை எட்ட நான்கிலிருந்து ஏழு மாதம் ஆகலாம். எட்டு வார உணவுச் சோதனையையும் இதே டப்பாவில் நடத்திவிடலாம். முறையாகக் கொடுத்தும் எடை இறங்காவிட்டால் தைராய்டு, அட்ரினல் சுரப்பிகளுக்கு ரத்தப் பரிசோதனை தேவைப்படும்.

நடைக்கு, சூரியன் எழும் ஏழு மணியை ஒட்டியோ இரவிலோ போங்கள். தட்டை மூக்கு நாய்க்கு வெக்கையில் மூச்சு முட்டும், கொழுப்பு அதை இன்னும் கடினமாக்கும். புறங்கையைத் தரையில் ஐந்து விநாடி வைக்க முடியவில்லை என்றால் அவன் பாதத்துக்கும் அது சூடு.

மீனுவை அவசரப்படுத்தவே கூடாது. கொழுத்த பூனை இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தால் உடம்புக் கொழுப்பு ஈரலில் போய்க் குவிந்து, ஈரலே செயலிழக்கக்கூடும். பட்டினி பாவம் என்று உங்கள் மாமியார் சொன்னது பூனை விஷயத்தில் மருத்துவ உண்மையும்கூட. ஒரு நாளுக்கு 170 கலோரியை ஒட்டி, நான்கைந்து சிறு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். வாரத்துக்கு 30 முதல் 60 கிராம் குறைந்தால் போதும், முழுதாகக் குறைய ஓராண்டு எடுத்துக்கொள்ளட்டும். நான்கு மணிக் கத்தலுக்கு எழுந்து சோறு வைத்தால் நாளை மூன்றரைக்குக் கத்துவாள். நேரம் குறித்துத் திறக்கும் தானியங்கித் தட்டு இருந்தால் அவள் உங்களை எழுப்புவதை விட்டு அதன் முன்னால் போய் உட்காருவாள். சைவ நாள்களில் அவள் தட்டையும் சைவமாக்கிப் பால்சோறு வைக்காதீர்கள். டாரின் என்ற சத்து இறைச்சியிலும் மீனிலுமிருந்துதான் பூனைக்குக் கிடைக்கிறது, அது தொடர்ந்து குறைந்தால் கண்ணும் இதயமும் கெடும்.

2024 செப்டம்பர் 1 முதல் வீவக வீட்டில் இரண்டு பூனைகள் வரை உரிமத்தோடு வளர்க்கலாம் என்றானது. 1989 முதல் இருந்த தடை நீங்கியதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. கீழே விழாமலிருக்க ஜன்னலுக்கு வலை அடித்திருப்பீர்கள், அது அவசியம். ஆனால் வலைக்குள் இருக்கும் பூனைக்கு வேட்டை இல்லை, ஏறி இறங்க மரமில்லை. ஜன்னலோரம் ஏறி உட்கார ஒரு பலகை, உணவை உருட்டி எடுக்கும் பந்து, மாலையில் பத்து நிமிடம் கயிற்று விளையாட்டு, இவற்றைப் பிள்ளைகளிடம் ஒப்படையுங்கள். உரிமம் இன்னும் எடுக்கவில்லை என்றால் அதையும் முடித்துவிடுங்கள், உரிமம் எடுக்கத் தரப்பட்ட மாற்றக்காலம் 2026 ஆகஸ்ட் 31 வரைதான்.

அவள் இருமல் எனக்குக் கவலை தருகிறது. கழுத்தை நீட்டி, தரையோடு குனிந்து இருமி, எதுவும் வெளிவராவிட்டால் அது முடி உருண்டை இல்லை, ஆஸ்துமாவாக இருக்கலாம். பூனைகளுக்கு ஒவ்வாமை நெஞ்சிலும் வரும். கொழுப்பு மூச்சை மேலும் இறுக்கும். அடுத்த முறை இருமும்போது கைப்பேசியில் படம்பிடித்து டாக்டரிடம் காட்டுங்கள், நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கச் சொல்வார். சாம்பிராணியும் ஊதுவத்தியும் ஏற்றும் வேளையில் அவளை வேறு அறையில் வைத்துக் கதவைச் சாத்துங்கள். வாய் திறந்து மூச்சு வாங்கினால் அன்றே தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

கும்பகோணத்து நாய்கள். மாமியார் பார்த்தது பொய்யில்லை. அந்த நாய்கள் எந்த ஒரு சாயலுக்காகவும் மனிதன் பொறுக்கி இனம்பெருக்காதவை. காலையிலிருந்து இரவு வரை வயலிலும் தெருவிலும் ஓடின, மிச்சம் இருந்த நாளில் தின்றன. அவற்றிலும் சொறி நாய்கள் இருந்தன. நாம் அவற்றுக்குச் சொறி நாய் என்று பெயர் வைத்துத் துரத்தினோம், மருத்துவரிடம் கொண்டுபோகவில்லை. எட்டு வயது தாண்டிய நாய்கள் எத்தனை அந்தத் தெருவில் இருந்தன என்று அவரையே நினைவுகூரச் சொல்லுங்கள்.

குறைத்துக் கொடுப்பது பாவமா என்பதற்கு ஓர் ஆய்வு விடை சொல்லியிருக்கிறது. அமெரிக்காவில் 48 லாப்ரடார் குட்டிகளை இணை இணையாகப் பிரித்து, ஒவ்வோர் இணையிலும் ஒன்றுக்கு மற்றதைவிட 25 விழுக்காடு குறைவாக வாழ்நாள் முழுக்க உணவு கொடுத்தார்கள். 2002இல் முடிவு வெளியானது. நிறையத் தின்றவற்றின் இடைநிலை ஆயுள் 11.2 ஆண்டு, குறைத்துத் தின்றவற்றுக்கு 13 ஆண்டு. மூட்டு வாதமும் அவற்றுக்குப் பிந்தித்தான் வந்தது.

வரும் சனிக்கிழமை இரண்டையும் எடை பாருங்கள். வீட்டுத் தராசில் நீங்கள் மட்டும் ஏறி ஒரு முறை, லட்டுவைத் தூக்கிக்கொண்டு ஒரு முறை, மீனுவோடு ஒரு முறை நின்று கழித்தால் போதும். அந்த எண்களை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி, நோட்டை உங்கள் மாமியார் பொறுப்பில் கொடுங்கள். வீட்டில் அதிக நேரம் இருப்பவரும், யார் எதைக் கொடுத்தார்கள் என்று கவனிக்கக்கூடியவரும் அவர்தான். 14 நாள் கழித்து உங்கள் டாக்டரைப் பார்க்கப் போகும்போது அவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.